பசங்க ஏன் கேங்கில் சேர்கிறார்கள்? ஒரு கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளுக்குச் சமூகவியல் ஆசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

ஓசூர் வாசகர்: சார், எல்லாம் வறுமைதானே? கையில் வேலை இருந்தால் எவன் கத்தியைத் தூக்குவான்?

வறுமைக்குப் பங்கு உண்டு. ஆனால் சிப்காட் பக்கம் ஒரே அறையில் ஐந்தாறு பேராகத் தங்கி வேலைக்குப் போகிற பையன்களைப் பாருங்கள். அவர்களுக்கும் காசு இல்லைதான், கேங்கும் இல்லை. ஒரே தெருவில் வளர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் சேர்வதில்லை.

பிரெடரிக் த்ராஷர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் சிகாகோவில் 1,313 கும்பல்களைப் பார்த்து 1927இல் எழுதினார். சேர்ந்து விளையாடுகிற பையன்கள்தான் பல கும்பல்களின் தொடக்கம். எதிரே இன்னொரு கூட்டமோ போலீஸோ வந்து நிற்கும்போதுதான் 'நாங்க' என்ற இறுக்கம் வருகிறது என்றார். அதற்காக சிகாகோவை அப்படியே தூக்கி ஓசூரில் வைத்துவிட முடியாது. இங்கே சாதி இருக்கிறது, கட்சிக்கொடி இருக்கிறது, ரசிகர் மன்றம் இருக்கிறது.

பாலக்கோடு, ஒரு தாய்: என் மகன் பத்தாவது படிக்கிறான். சாயந்திரமானால் பஸ் ஸ்டாண்டில் ஒரு செட்டோடு நிற்கிறான். பயமா இருக்கு சார்.

அம்மா, நிற்பதெல்லாம் கும்பல் இல்லை. 1930களின் பிற்பாதியில் வில்லியம் வைட் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தின் இத்தாலியர் பகுதிக்கே குடிபோய், தெருமுனைப் பையன்களோடு பழகினார். வெளியார் கண்ணுக்கு அது உருப்படாத கூட்டம். உள்ளே யார் யாருக்குக் கடன் தரவேண்டும், யார் பேச்சு எடுபடும் என்று எல்லாவற்றுக்கும் முறை இருந்தது. பந்து உருட்டும் விளையாட்டில்கூட, யார் எவ்வளவு புள்ளி எடுப்பார் என்பது பெரும்பாலும் கூட்டத்தில் அவருக்கு இருந்த இடத்தை ஒட்டியே அமைந்தது.

மகனுடைய நண்பர்களின் பெயர் உங்களுக்குத் தெரியட்டும். ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்கள். பள்ளிக்கு மட்டம் போடுகிறான், கணக்கில்லாத காசு வருகிறது, கத்தியோடு போட்டோ போடுகிறான் என்றால் அப்போது கவலைப்படுங்கள்.

கிருஷ்ணகிரி வாசகர்: நல்ல வருமானம் என்கிறார்களே?

மேலே இருக்கிற அண்ணனுக்கு. பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட்டும், சென்னையில் பிறந்த சமூகவியலாளர் சுதிர் வெங்கடேஷும் போதைப்பொருள் விற்ற ஒரு அமெரிக்கக் கும்பலின் கணக்கு வழக்கை ஆராய்ந்து 2000இல் வெளியிட்டார்கள். தெருவில் நின்று விற்றவனுக்குக் கிடைத்தது அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலிகூட இல்லை. சாகிற ஆபத்தோ மிக அதிகம். நாளைக்கு நாமும் அந்த அண்ணன் இடத்துக்குப் போவோம் என்ற ஆசைதான் அவனை அதில் நிற்க வைத்தது. கெத்தும் இருக்கிறது, அதற்குச் சம்பளச் சீட்டு கிடையாது.

அரூர் வாசகர்: பாதுகாப்புக்காகச் சேர்வதாகச் சொல்கிறார்களே?

சொல்வது பொய்யில்லை, அப்படி நம்பித்தான் சேர்கிறார்கள். ஆனால் கேங்கில் இருப்பவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக அடிபடுகிறார்கள்.

காரிமங்கலம் வாசகர்: குண்டர் சட்டத்தில் ஓராண்டு உள்ளே போட்டால் அடங்க மாட்டார்களா?

1982இல் வந்த அந்தச் சட்டம் ஆளை உள்ளே வைக்கும், சரி. ஆனால் சிறைக்குள்ளும் கூட்டு சேரும். இதற்கு நேர் எதிரான வழியும் ஒருமுறை சறுக்கியது. 1960களில் லாஸ் ஏஞ்சலஸில் நல்லெண்ணத்தோடு கும்பல்களுக்கென்றே ஊழியர்களை வைத்து, விளையாட்டு, கூட்டம் என்று நடத்தினார்கள். அதனால் கும்பல் இன்னும் இறுகியது, குற்றமும் கூடியது என்று மால்கம் க்ளைன் என்ற ஆய்வாளர் காட்டினார். கும்பலைக் கும்பலாகவே நடத்தினால், தண்டித்தாலும் கொஞ்சினாலும் அது பலப்படக்கூடும். ஒவ்வொரு பையனையும் தனித்தனியாகக் கவனிப்பது மேல் என்பது என் கருத்து.

ஊத்தங்கரை வாசகர்: ஒருமுறை சேர்ந்தால் வெளியே வரவே முடியாதாமே அண்ணா?

சினிமாவில்தான் தம்பி. அமெரிக்காவில் ராச்செஸ்டர் போன்ற ஊர்களில் பையன்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்ததில், பலர் ஓரிரு ஆண்டுக்குள் விலகிவிட்டார்கள். உள்ளே இருந்தபோது ஏறிய வன்முறை, விலகியபின் இறங்கியது. பெரும்பாலும் யாரும் சண்டை போட்டு வெளியேறுவதில்லை. வேலை, கல்யாணம், குழந்தை, இல்லாவிட்டால் கூட்டாளி ஒருவனின் சாவு, அப்படியே போவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். விலகியவனுக்குத் தொல்லை வேறு பக்கத்திலிருந்து வருகிறது: போலீஸ் பட்டியலில் பெயர் நிற்கிறது, எதிர் செட்டுக்கு அவன் விலகியது தெரியாது.