பூஞ்சை பிடித்த சோளத்தை வெயிலில் காயவைத்துக் கோழிக்குஞ்சுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். காய்ந்தால் பூஞ்சை அடங்கும். அது சோளத்துக்குள் விட்டுப்போன அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு அடங்காது. வேகவைத்தாலும் அதை நம்ப முடியாது. கழுவினால் மேலே இருக்கும் பச்சைப் பொடிதான் போகும்.

பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பர்மாவில், பெகு பக்கம் கோழி வளர்க்கிறேன். இங்கே மே முதல் அக்டோபர் வரை மழைதான். ஓர் ஆடியில், சுவரோரம் சாய்த்து வைத்த மூட்டையின் அடிச்சோளம் கட்டிதட்டியிருந்தது. பத்து வீசையைக் கொட்ட மனம் வரவில்லை. உதிர்த்து, புடைத்து, அடுப்படியில் உலர்த்தி, குருணையோடு கலந்து போட்டேன். ஒரு வாரத்துக்குள் மூன்று வாரக் குஞ்சுகள் சிறகைத் தொங்கவிட்டன. எச்சத்தில் சோள நொய் செரிக்காமல் அப்படியே கிடந்தது. செத்த ஒன்றை அறுத்தேன்: ஈரல் வீங்கி, வெளிறிய மஞ்சளாக இருந்தது. (பொரித்த முதல் சில நாள்களில் குஞ்சின் ஈரல் இயல்பாகவே மஞ்சள்தான், அதைக் கண்டு பதறாதீர்கள்.) 60 குஞ்சுகளில் 22 போயின.

ஈரல் கெட்டால் பித்தநீர் குறையும், கொழுப்பு செரிக்காது. நோய் எதிர்ப்பும் தளர்வதால் ரத்தக்கழிச்சல் எளிதில் தொற்றிக்கொள்ளும். வாத்துக்குஞ்சு கோழிக்குஞ்சைவிட மோசமாக அடிபடும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தது நஞ்சேறிய கடலைப் பிண்ணாக்கால்தான். இந்த நஞ்சே அப்போதுதான் தெரியவந்தது. ஆகவே பிண்ணாக்கையும் முகர்ந்து பார்த்து வாங்குங்கள். ஆனால் நாற்றம் இல்லை என்பதால் நஞ்சு இல்லை என்று ஆகிவிடாது.

இப்போது சோளம் வாங்கப் போகும்போது கண்ணாடி பாட்டிலில் உலர்ந்த உப்பு கொண்டுபோகிறேன். ஒரு பிடி சோளத்தைப் போட்டுக் குலுக்கிச் சில நிமிடம் வைத்தால், ஈரச்சோளமாக இருந்தால் உப்பு பாட்டில் சுவரில் ஒட்டும். ஒட்டினால் வாங்குவதில்லை. கடைக்காரருக்கு என்னைப் பிடிப்பதில்லை, போகட்டும். மூட்டையைப் பலகைமேல், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி அடுக்குகிறேன். மழைக்காலத்தில் இரண்டு வாரத் தேவைக்கு மேல் வாங்குவதில்லை.

தீவனத்தில் கலக்கும் பென்டோனைட் களிமண் அஃப்ளாடாக்சினைக் குடலிலேயே பிடித்து எச்சத்தோடு தள்ளும். மற்றப் பூஞ்சை நஞ்சுகளிடம் அதன் பாச்சா அவ்வளவாகப் பலிக்காது. ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், இன்றே அந்தத் தீவனத்தை நிறுத்திவிட்டு, செத்த குஞ்சு ஒன்றோடு கால்நடை மருத்துவரைப் பாருங்கள். மிச்சத்தைப் பசுவுக்கும் வைக்காதீர்கள்; நஞ்சு பாலில் இறங்கும். என்னுடையதைக் குழி தோண்டிப் புதைத்தேன்.