நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்காமலிருக்கப் பள்ளிகள் என்ன செய்ய வேண்டும்?

புத்தகம், சீருடை, சாப்பாடு எல்லாம் இலவசமாகக் கொடுத்தும் பழங்குடிப் பிள்ளைகளும் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளும் ஏன் பாதியில் நிற்கிறார்கள் என்பது கேள்வி.

எந்தப் பிள்ளையும் ஒரே நாளில் பள்ளியை விடுவதில்லை. ஜூன், ஜூலை மழையில் வாரத்துக்கு ஒரு நாள் வராது. காப்பிப் பறிப்புக்குப் பெற்றோர் வயநாட்டுக்கோ குடகுக்கோ போனால் மூன்று வாரம் வராது. திரும்பி வரும்போது கணக்குப் பாடம் எங்கேயோ போயிருக்கும். ஒன்றும் புரியாமல் நாலு நாள் உட்கார்ந்துவிட்டு, ஐந்தாம் நாள் வீட்டிலேயே இருந்துவிடும். எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரக் கணினிப் பதிவு) கணக்கிலோ தொடர்ந்து 30 வேலை நாள் வராவிட்டால்தான் 'பள்ளி செல்லாக் குழந்தை'. இடையில் ஒரு நாள் வந்து தலைகாட்டினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. மாதம் 4 நாள் வராத பிள்ளை பத்து மாதத்தில் 40 நாள் இழக்கிறது. தொடக்கப் பள்ளிக்குச் சட்டம் சொல்லும் 200 வேலை நாளில் இது ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் எந்தப் பட்டியலிலும் அந்தப் பெயர் இருக்காது.

அதனால் 30 நாள் வரை காத்திருக்கக் கூடாது. தொடர்ந்து 3 நாள் வராவிட்டால் அன்று மாலையே பழங்குடிக் காலனிக்கோ தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுக்கோ ஆள் போக வேண்டும். மாதத்தில் மொத்தம் 5 நாள் ஆனால் தலைமை ஆசிரியரே பெற்றோரைப் பார்க்க வேண்டும். முதலில் போகிற ஆள் அதே ஊர்ப் பெண்ணாக, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினராக இருந்தால் வீட்டில் உண்மையான காரணத்தைச் சொல்வார்கள். அதை ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். காய்ச்சல், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, வாத்தியார் அடித்தார், சீருடை காயவில்லை. கடைசிக் காரணத்தைச் சிறிதாக நினைக்காதீர்கள். பந்தலூர் பக்கத்துத் தேவாலா மழையில் துணி மூன்று நாளானாலும் காயாது. செப்டம்பர் வரை எந்த உடுப்பில் வந்தாலும் சரி என்று தலைமை ஆசிரியர் சொன்னால் போதும், ஒரு பைசா செலவில்லை.

இதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. ஆசிரியர் பணியிடங்கள் ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்து முடிவாகின்றன. எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் போய்விடும் என்ற பயத்தில் வராத பிள்ளைக்கும் வருகை போடும் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. வரவில்லை என்று உண்மையை எழுதும் தலைமை ஆசிரியரை அதிகாரிகள் ஆய்வுக் கூட்டத்தில் நிற்கவைத்துக் கேள்வி கேட்பதை நிறுத்தாத வரை இது மாறாது.

அடுத்து, ஐந்தாம் வகுப்பு முடிகிற இடம். தொடக்கப் பள்ளி டிசியைக் கையில் கொடுத்துவிட்டுத் தன் வேலை முடிந்ததாக நினைக்கிறது. ஆறாம் வகுப்புப் பள்ளிக்கு அந்தப் பிள்ளை யாரென்றே தெரியாது. இடையில் இருக்கும் கோடை விடுமுறையில்தான் பிள்ளை தொலைகிறது. ஏப்ரலிலேயே ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் பிள்ளைகளைப் புதுப் பள்ளிக்கு ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். பெயர்ப் பட்டியலை ஒப்படைத்து, பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒவ்வொரு பெயரும் வந்துவிட்டதா என்று சரிபார்க்க வேண்டும். டிசி தாமதமானாலும் வயதுச் சான்று இல்லாவிட்டாலும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. எட்டிலிருந்து ஒன்பதுக்கு இதே வேலையை இரண்டு மடங்கு கவனத்தோடு செய்ய வேண்டும், ஏனென்றால் அந்தச் சட்டத்தின் கை 14 வயதுக்கு மேல் நீளாது.

நின்ற பிள்ளையைத் திரும்பக் கூட்டிவருவதிலும் தவறு நடக்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்லும் அதே சட்டம் சிறப்புப் பயிற்சியும் தரச் சொல்கிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத 11 வயதுப் பையனை நேராக ஆறாம் வகுப்பில் உட்காரவைத்தால் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டான். குறைந்தது 3 மாதம், தேவைப்பட்டால் 2 ஆண்டு வரை பயிற்சி தர விதியில் இடம் இருக்கிறது.

மொழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பணியர் பேச்சு மலையாளத்துக்கு நெருக்கம், காட்டுநாயக்கர் பேச்சு கன்னடத்துக்கு நெருக்கம். ஒன்றாம் வகுப்பில் அந்தப் பிள்ளை வாயே திறக்காததை மந்தம் என்று எழுதிவிடுகிறார்கள். முதல் மூன்று மாதமாவது அவர்கள் பேச்சு தெரிந்த ஓர் இளம்பெண் வகுப்பில் இருக்க வேண்டும். கூடலூர் வித்யோதயா பள்ளியில் பழங்குடியினரே ஆசிரியர்களாக இருப்பதால் என்ன கிடைக்கிறது என்பதை அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு நாள் போய்ப் பார்க்கலாம்.

உண்டு உறைவிடப் பள்ளிகளில் முதல் 15 நாள்தான் எல்லாம். அண்ணன் தம்பியை வேறு வேறு அறையில் போடாதீர்கள். வாரம் ஒரு முறை வீட்டோடு போனில் பேச வையுங்கள். படுக்கையில் சிறுநீர் போகும் பிள்ளைக்கு மாற்று விரிப்பு தயாராக இருக்கட்டும், மற்றவர்கள் கேலி செய்தால் மறுநாள் அது ஓடிவிடும். ஓடிய பிள்ளையை இரண்டு நாளுக்குள் காப்பாளரே போய், திட்டாமல் அழைத்துவர வேண்டும்.

பத்தாம் வகுப்புக்கு மாலைச் சிறப்பு வகுப்பு வைக்கும் பள்ளிகள் யானைத் தடத்தை நினைக்க வேண்டும். ஐந்தரைக்கு விட்டால் தேயிலைக் காட்டு வழியில் இருட்டிவிடும். ஒரு முறை யானை எதிரே வந்தால் அந்த லைனிலிருந்து பெண் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். மதிய இடைவேளையிலோ சனிக்கிழமை பகலிலோ வையுங்கள். அரசுச் செலவில் ஜீப் வசதி கிடைக்கும் ஊர்களில் வண்டி பள்ளி திறக்கும் நாளிலேயே ஓட வேண்டும். பணம் வந்த பிறகு ஆகஸ்டில் தொடங்கினால் மழைக்காலம் பாதி போயிருக்கும்.

உதவித்தொகைக்குக் கேட்கும் பழங்குடிச் சாதிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணைக்கு நாளாகும். பிளஸ் டூ முடித்த பிறகு அலையாமல் ஐந்தாம் வகுப்பிலேயே பள்ளி மொத்தமாக விண்ணப்பிக்கட்டும். அப்போதே ஆதார், பிறப்புச் சான்று, எமிஸ் மூன்றிலும் பெயர் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வராமல் நின்றுவிடலாம்.