பழைய கம்பிச் சுருளில் இருக்கும் குரல்: போட்டுக் கேட்பதற்கு முன்

கேள்வி: நான் அமெரிக்காவில், ஒஹாயோவில் வசிக்கிறேன். எங்கள் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிநோயிலிருந்து மீள்வோர் அமைப்பு) குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் காலமானதும் அவர் வீட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. அதில் சில டேப் சுருள்களும், மெல்லிய கம்பி சுற்றிய ஒரு சின்னச் சுருளும் இருக்கின்றன. மேலே ‘1948, கூட்டம்’ என்று எழுதியிருக்கிறது. பழைய ரெக்கார்டர் ஒன்று வாங்கிக் கேட்டுப் பார்த்துவிட்டு, இணையத்தில் ஏற்றலாமா?

பதில்: தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-இல் தொடங்கியதே உங்கள் மாநிலத்தில், ஆக்ரன் நகரத்தில்தான். குடிநோயிலிருந்து மீண்டவர் தன் கதையை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்வதுதான் அந்த அமைப்பின் உயிர். நிறுவனர்களில் ஒருவரான டாக்டர் பாப் 1948 டிசம்பரில் டெட்ராய்டில் ஆற்றிய உரை பதிவாகியிருப்பதால் இன்றும் அதை அவர் குரலிலேயே கேட்கிறோம். 1950 நவம்பரில் அவர் காலமாகிவிட்டார். உங்கள் சுருளில் பேசுபவர் யாரும் அறியாத ஒருவராக இருக்கலாம். எனக்கு அது இன்னும் முக்கியம். பிரபலமானவர்களின் பேச்சு நூறு பிரதிகளாகப் பரவிவிட்டது. இவருக்கு இந்த ஒரு சுருள்தான் இருக்கும்.

முதலில் கம்பியைப் பார்ப்போம். டேப்பில் போலவே இதிலும் குரலைக் காந்த முறையில் பதிவு செய்தார்கள். தலைமுடி அளவே பருமன், சுமார் 0.1 மில்லிமீட்டர். ஒரு மணி நேரப் பதிவுக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கம்பி வேண்டும். நுனி ஒருமுறை தளர்ந்து சரிந்தால் சிக்கெடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். அதனால் நுனியைச் சுருளோடு ஒட்டி வையுங்கள், விரலால் நீவிப் பார்க்க வேண்டாம். சர்வீஸ் செய்யாத பழைய மெஷின் கம்பியை வெடுக்கென்று இழுத்து அறுத்துவிடும். அறுந்தால் முடிச்சுப் போட்டுச் சேர்க்கலாம்; அந்த இடத்துப் பேச்சு கொஞ்சம் போய்விடும். கம்பிப் பதிவில் அனுபவமுள்ள ஒலி ஆவணக் கூடத்திடம் கொடுப்பதே சரி. இந்த மெஷின்களில் வேகம் சீராக இருக்காது, குரல் மெல்ல மெல்லத் தடித்தோ கீச்சிட்டோ போகும். பதிவில் அமெரிக்க மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் கலந்திருந்தால், அதை அளவுகோலாக வைத்து வேகத்தைத் திருத்துவார்கள். அதனால் அந்த இரைச்சலை நீக்கி ‘சுத்தம்’ செய்த கோப்பு மட்டும் போதாது. எதுவும் திருத்தாத மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

அப்புறம் டேப்புகள். சுருளைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒளி ஊடுருவினால் அது அசிடேட் என்ற பழைய வகை பிளாஸ்டிக் டேப். வினிகர் வாடை அடித்தால் சிதையத் தொடங்கிவிட்டது. மற்றவற்றிலிருந்து பிரித்து, குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வைத்து, அதை முதலில் அனுப்புங்கள். டேப்பை அடுப்பில் சூடாக்கினால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். அது 1970, 80-களின் சிலவகை பாலியெஸ்டர் டேப்புகளுக்கான வைத்தியம். அசிடேட்டைச் சூடாக்கினால் பாழாகும்.

பெட்டியில் எழுதியிருக்கும் ஆண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். ‘1948’ என்று எழுதிய கேசட் கிடைத்தால் அது கண்டிப்பாகப் பிரதிதான். கேசட்டே 1963-இல்தான் வந்தது. ஆனாலும் தூக்கிப் போடாதீர்கள், மூலம் தொலைந்திருக்கலாம்.

இணையத்தில் ஏற்றுவதைப் பற்றி: இப்போதைக்கு வேண்டாம். உறுப்பினர்கள் கூட்டத்தில் முழுப்பெயர் சொல்லியிருக்கலாம். கூட வந்தவர், மனைவி, முதலாளி பெயரும் பேச்சில் வரும். பத்திரிகை, வானொலி, திரைப்பட அளவில் உறுப்பினரின் அடையாளம் வெளிவரக் கூடாது என்பது ஏ.ஏ.யின் பதினொன்றாவது மரபு, அதாவது அமைப்பின் வழிகாட்டு நெறிகளில் ஒன்று. பேசியவர் இறந்துவிட்டாலும் அவர் குடும்பத்தாரிடம் கேட்காமல் பெயரை வெளியிடுவது முறையல்ல என்பது என் கருத்து. கோப்பின் பெயரிலும் ‘பில் டபிள்யூ.’ என்பதுபோல் குடும்பப் பெயரை முதலெழுத்தோடு நிறுத்துங்கள்.

உங்கள் பகுதி ஏ.ஏ. ஆவணக் குழுவிடம் பேசுங்கள். நியூயார்க்கிலுள்ள ஏ.ஏ. தலைமை அலுவலக ஆவணக் காப்பகத்துக்கும் எழுதிக் கேட்கலாம். பெட்டியை அனுப்பும் முன் அதன் மூடி, லேபிள், உள்ளே இருக்கும் துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யார், எங்கே, எப்போது பேசினார் என்பதற்கு அந்தக் கையெழுத்துதான் சாட்சி.