மரவள்ளி மாவுப்பூச்சி ஒரே மாதத்தில் காடு முழுக்கப் பரவுகிறதே, இயற்கை அதைத் தடுக்காதா?

எந்த ஊர் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் குருத்தெல்லாம் சுருண்டு, கையில் தெளிப்பானோடு நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள். பொறுக்காமல் இரண்டு ஏக்கர் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, கெடுத்தவன் நான். தர்மபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் எங்கள் காடு.

இந்தப் பூச்சி பெருக ஆணே வேண்டாம், எல்லாம் பெண்தான். ஒன்று நானூறு முட்டை வைத்து, நானூறும் பிழைத்தால் அடுத்த தலைமுறை 1,60,000. அதற்கடுத்தது 6 கோடியே 40 லட்சம். கோடையில் ஒரு தலைமுறைக்கு ஒரு மாதம் போதும். மழை அடித்தால் கொஞ்சம் கழுவிக்கொண்டு போகும், பொறிவண்டு கொஞ்சம் தின்னும். அதன் சொந்த மண்ணான தென் அமெரிக்காவில் இதையே நம்பி வாழும் ஒரு குட்டிக் குளவி உண்டு, பெயர் அனகைரஸ் லோபெசி. 2020இல் கேரளாவில் முதலில் கண்ட இந்தப் பூச்சி, பகையாளி இல்லாமல் தனியாக வந்து சேர்ந்ததுதான் நமக்கு வினை.

நான் மூன்று முறை மருந்தடித்தேன். பூச்சியின் மேல் மெழுகுப் படலம் இருப்பதால் உள்ளே இறங்கவே இல்லை. செத்தது பொறிவண்டுதான். இருபது நாளில் முன்னைவிட அதிகமாக வந்தது. கிணற்றுமேட்டில் மாட்டுக்குப் புல் இருந்ததால், அதை ஒட்டிய நாலு சாலில் மட்டும் அப்பா அடிக்க விடவில்லை. "மாடு தின்னுற இடம்டா" என்று மடக்கிவிட்டார்.

பெனின் நாட்டிலிருந்து வரவழைத்த அந்தக் குளவியை 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். பிறகு எங்கள் காட்டிலும் விட்டோம். நாலு சாலில்தான் தங்கியது. மருந்தடித்த பக்கம் தங்கவில்லை. முதல் மாதம் ஒன்றும் தெரியாது. பூச்சி பெருகினால்தான் அதற்குள் முட்டை வைக்கும் குளவியும் பெருகும், அதனால் எப்போதும் ஒரு அடி பின்னால்தான் வரும். பூச்சி அடியோடு ஒழியவும் ஒழியாது. ஒழிந்தால் குளவிக்கும் சாப்பாடு இல்லையே.

மருந்தே கூடாது என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நடும் கரணையை, அதாவது குச்சித் துண்டை, மருந்துத் தண்ணீரில் நனைத்துத்தான் இப்போதும் நடுகிறேன்.

அந்த வருடம் மிஞ்சிய கிழங்கை ஒரு சேகோ மில்லுக்கு ஏற்றினேன். பாயிண்ட், அதாவது கிழங்கின் மாவுச்சத்து அளவு, குறைவு என்று விலையைக் குறைத்தார்கள். குறைந்திருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அளக்கும்போது என்னைப் பக்கத்தில் நிற்கவிடாதது ஏன்? விளைவித்தவன் கண் முன்னால் அளந்தால் என்ன குறைந்துவிடும்? இன்னும் ஆறவில்லை.

நாளை காலை குருத்தை விரித்துப் பாருங்கள். பூச்சி உப்பிப் பழுப்பாகி, தொட்டால் கெட்டியாக இருந்தால் உள்ளே குளவி வளர்கிறது. அந்தக் குருத்தைக் கிள்ளி எரித்துவிடாதீர்கள்.