காசு கொடுத்து வாங்கிய மின்னூலும் மென்பொருளும் ஏன் நமக்குச் சொந்தமாவதில்லை?

கேள்வி கேட்டவர், தன் கணக்கில் வாங்கி வைத்திருந்த மின்னூல் ஒன்று ஒருநாள் காணாமல் போனதைச் சொல்லிவிட்டு, "இது சட்டப்படி சரிதானா? இந்தக் கம்பெனிகளிடமிருந்து தப்ப வழியே இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: பெரும்பாலும் சட்டப்படி சரி என்றுதான் வாதாடுவார்கள். நீங்கள் வாங்கியது புத்தகம் அல்ல, அதைப் படிக்க ஓர் அனுமதி. படிக்காமல் 'ஒத்துக்கொள்கிறேன்' என்று அமுக்கினோமே, அந்த நீளமான ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கும். இரண்டாவது கேள்விதான் பெரியது. நான் வக்கீல் இல்லை. கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறவன். எனக்கு இந்த எரிச்சல் மின்னூலில் ஆரம்பிக்கவில்லை, டோனரில் ஆரம்பித்தது.

லேசர் பிரிண்டரின் டோனர் காட்ரிட்ஜைப் பிரித்தால் உள்ளே பெரிய ரகசியம் எதுவும் இல்லை. டிரம், பிளேடு, பவுடர் நிற்கும் அறை, வேஸ்ட் பவுடர் சேரும் அறை. வேஸ்ட்டைத் தட்டிக் கொட்டிவிட்டு, புதுப் பவுடர் போட்டு, டிரம்மைத் துடைத்து மூடினால் மறுபடி ஓடும். டிரம் தேயும்வரை இப்படி மூன்று நான்கு ரவுண்டு வரும். எங்களைப் போன்ற கடைகள் பக்கத்துக்கு இவ்வளவுதான் என்று விலை சொல்ல முடிவதே இந்த ரீஃபிலால்தான். இதை முடக்க வந்ததுதான் சிப். காட்ரிட்ஜின் ஓரத்தில் விரல் நகம் அளவுக்கு ஒட்டியிருக்கும். எத்தனை பக்கம் அடித்தோம் என்று எண்ணிக்கொண்டே வரும். கணக்கு முடிந்ததும் பவுடர் மிச்சம் இருந்தாலும் 'தீர்ந்துவிட்டது' என்று பிரிண்டரிடம் சொல்லிவிடும். சரி, அதற்கும் மாற்று சிப் மார்க்கெட்டில் வந்தது. ரீஃபில் போடும்போது பழையதைப் பெயர்த்துவிட்டுப் புதியதை ஒட்டினால் போதும்.

அப்புறம் பிரிண்டர் இண்டர்நெட்டோடு பேச ஆரம்பித்தது. செமஸ்டர் பிராஜெக்ட் ரிப்போர்ட் சமர்ப்பிக்கும் வாரம் ஒன்றில், முந்தின நாள் இரவு வரை அடித்துக்கொண்டிருந்த என் மெஷின் காலையில் 'அங்கீகரிக்கப்படாத காட்ரிட்ஜ்' என்று சிவப்பு விளக்கைப் போட்டு நின்றுவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக ஃபர்ம்வேர் (பிரிண்டரை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) அப்டேட் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. மெஷினில் ஒரு பழுதும் இல்லை. கம்பெனியின் சேவை எண்ணுக்கு அழைத்தால், மிகுந்த மரியாதையோடு, "சார், ஒரிஜினல் காட்ரிட்ஜ் போடுங்கள்" என்கிறார்கள். ஒரிஜினல் காட்ரிட்ஜ் இரண்டு வாங்கும் காசுக்கு இன்னொரு பிரிண்டரே வாங்கிவிடலாம். வரிசையில் பைண்டிங்குக்கு நிற்கிற பையன்களிடம் இதை எப்படி விளக்குவது? பக்கத்துத் தெருக் கடைக்கு அனுப்பிவைத்தேன்.

மாட்டை விற்றுவிட்டு மூக்கணாங்கயிற்றைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் வியாபாரம் இது. பிரிண்டர், மின்னூல், மென்பொருள், விளையாட்டு எல்லாவற்றிலும் இதே கதைதான்.

டோனருக்கும் பதிப்புரிமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது என்று கோர்ட்டில் போய் நின்றது லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் கம்பெனி. மாற்று சிப் செய்து விற்ற ஸ்டாட்டிக் கண்ட்ரோல் என்ற கம்பெனி மீது 2002இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். எங்கள் சிப்புக்குள் ஒரு புரோகிராம் இருக்கிறது, அது எங்கள் படைப்பு, அதை நகலெடுத்தது பதிப்புரிமை மீறல், எங்கள் பூட்டை ஏமாற்றித் திறந்தது இன்னொரு மீறல் என்பது வாதம். அந்தப் படைப்பின் அளவு என்ன தெரியுமா? இரண்டு வகை காட்ரிட்ஜுக்கு இரண்டு புரோகிராம்கள். பெரியதே 55 பைட். யுடிஎஃப்-8 முறையில் தமிழில் 'அ' என்று ஓர் எழுத்து அடித்தாலே மூன்று பைட், 'கி' என்றால் ஆறு. ஆக 55 பைட்டில் நம் ஆட்கள் பலருடைய பெயரை இனிஷியலோடு எழுத இடம் போதாது. கீழ்க் கோர்ட் முதலில் லெக்ஸ்மார்க் பக்கம் நின்று தடை கொடுத்தது. 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. பிறகு அதே கம்பெனி பேட்டண்ட் சட்டத்தைக் கையில் எடுத்து, காலிக் காட்ரிட்ஜ்களை ரீஃபில் செய்து விற்பவர்கள் மீது பாய்ந்தது. 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொருளை விற்றதோடு அதன் மீதான பேட்டண்ட் உரிமை தீர்ந்தது என்று முடித்து வைத்தது. எங்கள் தொழிலுக்கு அமெரிக்காவில் நியாயம் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் ஃபர்ம்வேர் அப்டேட்டை அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லையே.

இந்தப் பூட்டு விவகாரத்துக்கு வேர் 1998இல் அமெரிக்கா போட்ட டிஎம்சிஏ சட்டம். பதிப்புரிமை உள்ள படைப்பைக் காக்கப் போட்ட டிஜிட்டல் பூட்டைத் திறப்பதே மீறல் என்கிறது அதன் வாசகம். நீங்கள் காசு கொடுத்து வாங்கியதா, சொந்த உபயோகத்துக்கா என்பதெல்லாம் அப்புறம்தான். நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் நிதானமானது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டைத் திறந்தால்தான் தண்டனை என்கிறது. இரண்டு வருடம் வரை சிறையும் அபராதமும். நோக்கம் என்ற அந்தச் சொல்லுக்குத்தான் முழு மதிப்பும். பார்வையற்ற ஒருவர் மின்னூலைக் குரலாக மாற்றிக் கேட்க விரும்பினால், இங்கே அவர் குற்றவாளி அல்ல. பார்வையற்றோருக்கான மராகேஷ் ஒப்பந்தத்தை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். நம்மவர்களைத் திட்டுவதற்கு ஆயிரம் காரணம் உண்டு, ஆனால் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

சரி, மின்னூலுக்கு வருவோம். அச்சுப் புத்தகத்தில் இந்தத் தந்திரத்தை நூறு வருடத்துக்கு முன்பே முயன்று பார்த்தாயிற்று. ஒரு அமெரிக்கப் பதிப்பகம், 'இந்தப் புத்தகத்தை ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் பதிப்புரிமை மீறல்' என்று உள்ளேயே அச்சடித்தது. மேசிஸ் கடை 89 சென்ட்டுக்கு விற்றது. 1908இல் உச்ச நீதிமன்றம், விற்றாயிற்று அல்லவா, இனி உனக்கு அதில் பேச்சில்லை என்று சொல்லிவிட்டது. நாம் பழைய புத்தகக் கடையில் வாங்குவதும், நண்பனுக்கு இரவல் கொடுத்துத் திரும்ப வராமல் புலம்புவதும் இதே கொள்கையின் புண்ணியம். மின்னூல் வந்ததும் 'விற்கவில்லை, அனுமதிதான் கொடுத்தோம்' என்று பேச்சையே மாற்றிவிட்டார்கள்.

2009 ஜூலையில் அமேசான், வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலைத் தூரத்தில் இருந்தபடியே அழித்தது. அதை ஏற்றி விற்றவருக்கு அமெரிக்காவில் உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பி வந்தது. ஆனால் பள்ளிக்கூடத்துக்காக அதில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், குறிப்புகள் உபயோகமில்லாமல் போயிற்று என்று வழக்கே போட்டார். ஜெஃப் பெஸோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஆர்வெல் இறந்தது 1950 ஜனவரியில். நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருடம் கழித்து உரிமை தீரும் என்பதால், 2011 முதல் அந்தப் புத்தகத்தை இந்தியாவில் யாரும் அச்சிடலாம். அமெரிக்காவில் 2044 முடியும்வரை காத்திருக்க வேண்டும். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது விற்ற புத்தகம் எல்லாமே போயிற்று. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் கொடுத்தார்கள். நியாயமானவர்கள்தான். ஆனால் எந்தப் பழைய புத்தகக் கடைக்காரரும் கடையை மூடும்போது என் வீட்டுக்கு வந்து அலமாரியைக் காலி செய்ததில்லை.

போன வருடம் ஒரு மாணவி லேப்டாப்போடு வந்தாள். பாடப் புத்தகத்தின் மின்பதிப்பை வாங்கியிருக்கிறாள், நாளைக்குப் பரீட்சை, ஒரு அத்தியாயம் மட்டும் காகிதத்தில் வேண்டும். "அண்ணா, பிரிண்ட் கொடுத்தா ரெண்டு பக்கத்துக்கு மேல போகமாட்டேங்குது." திரையைப் படம் பிடித்தால் கறுப்பாக விழுகிறது. கீழே பார்த்தால், வாங்கியதே ஒரு வருடத்துக்குத்தான். தேதி முடிந்தால் திறக்காது. கடைசியில் அவளுடைய சீனியர் ஒருத்தி அச்சுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த அத்தியாயத்தை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன்.

அப்படிப் போட்டுக் கொடுப்பது தப்பா என்று கேட்கிறவர்களுக்கு டெல்லி வழக்கைச் சொல்வேன். டெல்லி பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி போட்டோகாப்பி சர்வீஸ் என்ற சின்னக் கடை. பாடத்திட்டத்தில் உள்ள பகுதிகளைப் பல புத்தகங்களிலிருந்து நகலெடுத்து, தொகுப்பாகக் கட்டி மாணவர்களுக்கு விற்றது. 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் மூவரும் சேர்ந்து அதன் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டார்கள். 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பதிப்புரிமை என்பது இயற்கையாக வந்ததோ தெய்வம் கொடுத்ததோ அல்ல, அறிவு வளர வேண்டும் என்பதற்காகக் கொடுக்கப்பட்டது என்ற பொருளில் அந்தத் தீர்ப்பில் ஒரு வரி வரும். மேல்முறையீட்டுக்குப் பிறகு, 2017இல் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய வழக்கு.

உடனே 'பிடிஎஃப் இருக்கு, மொத்தமா அடிச்சுக் கொடுங்க' என்று போன மாதம் வந்த நாவலைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். தமிழில் எழுதுகிறவருக்கு ராயல்டி என்று வருவதே கொஞ்சம். அதையும் டெலிகிராம் குழுவில் போட்டுத் தின்றுவிட்டு 'கார்ப்பரேட்டை எதிர்க்கிறேன்' என்று சொல்வது அயோக்கியத்தனம். நான் அடித்துக் கொடுப்பதில்லை.

எழுதியவருக்கும் குறை வைக்காமல், படிப்பவர்களையும் அடைக்காமல் செய்ய முடியும் என்பதற்கு நம்மிடமே முன்னுதாரணம் உண்டு. பாரதி 1921இல் இறந்தார். அவருடைய பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை கைமாறிக் கைமாறி ஏ.வி. மெய்யப்ப செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் படத்தில் ஒரு பாரதி பாட்டை வைத்தபோது தகராறு கோர்ட் வரை போனது. பாரதி பாட்டைப் பாட ஒரு ஸ்டுடியோவிடம் அனுமதி கேட்பதா என்று எழுத்தாளர் நாரண துரைக்கண்ணன், அந்தச் சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் முதலியோர் கிளம்பினார்கள். 1949இல் சென்னை அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. செட்டியார் தன் பங்கை விலை வாங்காமலே கொடுத்துவிட்டார், அதையும் சொல்ல வேண்டும். குடும்பத்தாருக்கு அரசு பணம் கொடுத்தது. பிறகு எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் இதே வழியில் நாட்டுடமை ஆகி, வாரிசுகளுக்குத் தொகையும் போயிருக்கிறது.

இப்போது என் பயம் வேறு. பதிப்புரிமைக்குக் கெடு உண்டு. இறந்து 60 வருடம், இல்லாவிட்டால் அரசு வாங்கி விடுவிக்கும். பூட்டுக்கு அப்படி ஒரு கெடுவும் கிடையாது. ஒரு நூலின் உரிமை நாளைக்கே தீர்ந்தாலும், பூட்டிய மின்பதிப்பு பூட்டியபடியேதான் இருக்கும். சர்வரை அணைத்துவிட்டால் சாவியும் இல்லை. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அனுமதி மட்டும் கொடுத்துவிட்டு 'வாங்கு' என்று பொத்தான் வைக்கக்கூடாது, அனுமதிதான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். நல்லதுதான், ஆனால் பூட்டு போட்டிருக்கிறது என்று பலகை மாட்டியதோடு சரி. உரிமை தீரும் நாளில் பூட்டும் திறக்க வேண்டும், கடையை மூடுகிறவன் பூட்டில்லாத கோப்பைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தால் அது வேலை.

தப்ப வழி என்றால், முழுசாக இல்லை. என் கடையில் பேஜ்மேக்கர் 7 இன்றைக்கும் ஒரு பழைய கணினியில் ஓடுகிறது, 2001இல் வந்த பக்க வடிவமைப்பு மென்பொருள். மாதச் சந்தா கேட்பதில்லை, பழைய கல்யாணப் பத்திரிகைக் கோப்புகளைத் திறக்கிறது. அந்த கணினிக்கு இண்டர்நெட் கொடுக்கவே இல்லை. மின்னூல் வாங்கினால் பூட்டில்லாத பிடிஎஃப் அல்லது ஈபப் கொடுக்கிற பதிப்பகமா என்று பார்த்து வாங்குங்கள், வாங்கியதும் ஒரு பென்டிரைவில் போட்டுவையுங்கள். பழைய தமிழ் நூல்களுக்கு 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் இருக்கின்றன. இரண்டும் இலவசம், எவரும் வந்து அழிக்கமாட்டார்கள். மற்றபடி மனதுக்குப் பிடித்த புத்தகம் என்றால் காகிதத்தில் வாங்கிவிடுங்கள்.

பிரிண்டர் வாங்கப் போகிறவர்கள், கடையில் விலையைக் கேட்கும் முன் அதற்கு வெளி டோனர் ஓடுமா என்று கேளுங்கள். இங்க் என்றால் டேங்க் வைத்த மாடலாகப் பாருங்கள், பாட்டில் இங்க்கை ஊற்றிக்கொள்ளலாம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலையாக செட்டிங்ஸில் ஆட்டோ அப்டேட்டை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே அப்டேட் ஆகி மாட்டிக்கொண்டவர்கள் மாடல் எண்ணைக் கீழே எழுதினால், எந்த சிப் ஒத்துவரும் என்று தெரிந்தவரை சொல்கிறேன்.