கேம் மாற்றினால் பிரேக் ஏன் கட்டையாகிறது?

கேள்வி (பீடோர் வாசகர்): என் புரோட்டோன் வீரா காரில் 4ஜி93 டபுள் கேம் எஞ்சின். 272 டிகிரி கேம் (வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் தண்டு) போட்ட பிறகு ஐடிலில் வேக்கம் (இன்டேக்கின் உறிஞ்சு விசை, பாதரச அளவில்) 19 இன்ச்சிலிருந்து 10க்கு இறங்கிவிட்டது. கார் பார்க்கில் மெதுவாகத் திருப்பும்போது பிரேக் கட்டை மாதிரி இருக்கிறது. கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா போனால் இன்னும் மோசம். ஃபோர்மன் பழைய கேமையே திரும்பப் போடச் சொல்கிறார். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டர் இந்த வேக்கத்தில்தான் வேலை செய்கிறது, அது குறைந்தால் மிதி கட்டையாகும். 272 கேம் வேக்கத்தைக் குறைக்கும்தான், ஆனால் வழக்கமாக 13, 14 இன்ச்சாவது மிச்சம் வைக்கும். 10க்கு இறங்கினால் கேமோடு, காற்று புகும் ஓட்டை என்ற இன்னொரு திருடனும் உள்ளே இருக்கிறான் என்று வையுங்கள். முதலில் அவனைப் பிடிக்க வேண்டும்.

எஞ்சின் சூடானதும் ஐடிலில் விட்டு, பிரேக் பூஸ்டர் ஹோஸைத் துணி சுற்றிய ப்ளையரால் இறுக்கிப் பிடியுங்கள். கேஜ் ஏறினால் ஓட்டை பூஸ்டர் பக்கம். ஏறாவிட்டால் பிசிவி ஹோஸ் (எஞ்சின் உள்புகையை இன்டேக்குக்கு இழுப்பது), பெட்ரோல் ரெகுலேட்டர் ஹோஸ் என்று ஒவ்வொன்றாக இறுக்கிப் பாருங்கள். இன்டேக் கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓரிங் ஓரங்களில் தண்ணீர் ஸ்ப்ரே அடியுங்கள். ஐடில் சத்தம் மாறும் இடத்தில்தான் காற்று புகுகிறது. கார்ப் கிளீனர் சீக்கிரம் காட்டிக் கொடுக்கும், ஆனால் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீ. நம் ஊர் வெயிலில் பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும், கிளிப் போட்ட இடத்தில் வெடித்திருக்கும். ஹாஃப்கட்டோடு (பாதியாக வெட்டி விற்கும் பழைய கார்) வந்த ஹோஸ் என்றால் சோதிப்பதை விட மாற்றுவதே மேல்.

த்ராட்டில் பாடியையும் பாருங்கள். ஐடில் நிற்கவில்லை என்று த்ராட்டில் தகட்டைத் தாங்கும் ஸ்க்ரூவை யாராவது திருகியிருந்தால், தகடு திறந்தே நிற்கும், இசியூவும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஐடிலுக்கு வந்துவிட்டோம் என்று அறியாது. ஐடிலைக் கூட்டுவது, தகட்டைச் சுற்றிப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பைபாஸ் ஸ்க்ரூவில்தான். அதன் சின்ன ஓரிங் காய்ந்து போனாலும் காற்று புகும். விலை சில காசு, தரும் தொல்லையோ பெரிது.

ஓட்டை அடைத்தபின் மிச்சமிருப்பது கேமின் வேலை. எக்ஸாஸ்ட் வால்வு மூடும் முன்பே இன்டேக் வால்வு திறந்துவிடுகிறது. ஐடிலில் இன்டேக் மேனிஃபோல்டின் (காற்று உள்ளே வரும் குழாய்த் தொகுதி) அழுத்தம் எக்ஸாஸ்டை விடக் குறைவு. அதனால் எரிந்த புகை பின்னோக்கி இன்டேக்குக்குள் பாய்கிறது. புகை கலந்த கலவை மெதுவாக எரியும், ஐடிலைத் தாங்க இன்னும் காற்று வேண்டும், வேக்கம் விழும்.

மெதுவாக எரிவதைச் சீக்கிரம் பற்ற வைக்க வேண்டும். ட்யூன் பண்ணக்கூடிய இசியூ இருந்தால் ஐடில் டைமிங்கை (ஸ்பார்க் எவ்வளவு முன்பே அடிக்கிறது என்பதை) 10 டிகிரியிலிருந்து இரண்டிரண்டாக ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஐடிலைப் பழைய ஆர்பிஎம்முக்கே கொண்டுவந்து கேஜைப் படியுங்கள், இல்லாவிட்டால் ஏறியது டைமிங்காலா ஆர்பிஎம்மாலா என்று தெரியாது. வேக்கம் ஏறுவது நின்ற இடத்திலிருந்து 2 டிகிரி பின்வாங்குங்கள். பெரும்பாலும் 16-20க்குள் அமையும். ஐடிலில் ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதை இசியூ கேட்காதபடி நிறுத்திவிடுங்கள். எரியாமல் தப்பிய காற்றை அது பெட்ரோல் குறைவு என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றும். காற்று-பெட்ரோல் கலவையை 13.2-லிருந்து 13.8-க்குள் வைத்து, ஐடிலை 950 ஆக்குங்கள்.

பிறகு கேம் புல்லி. எக்ஸாஸ்ட் கேமை மட்டும் 2 டிகிரி அட்வான்ஸ் செய்யுங்கள் (முன்தள்ளுங்கள்). இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் குறையும். புல்லியில் உள்ள கோடு கேம் டிகிரியா கிராங்க் டிகிரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேமில் 2 என்றால் கிராங்கில் 4. இந்தத் திசையில் எக்ஸாஸ்ட் வால்வு பிஸ்டனை விட்டு விலகும். எதிர்த்திசையில் போனால் நெருங்கும், முட்டினால் வால்வு வளையும். போல்ட்டை முறுக்கியதும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்காமல் சாவியைத் தொடாதீர்கள். இன்டேக் கேமை ரிட்டார்ட் செய்தாலும் (பின்தள்ளினாலும்) வேக்கம் கூடும், ஆனால் ஏற்றத்தில் இழுவை போகும். கேமரன் மலை ஏறுபவருக்கு அது வேண்டாம்.

தானா ராத்தா மோசமாவதற்குக் காரணம் உயரம். சுமார் 300 மீட்டர் ஏறினால் கேஜில் ஏறக்குறைய 1 இன்ச் குறையும். அந்த ஊர் கிட்டத்தட்ட 1,440 மீட்டரில் இருக்கிறது. கீழே 10 என்றால் அங்கே 5, 6தான். தாப்பா பக்கம் இறங்கும்போது கியரிலேயே இறங்குங்கள். த்ராட்டில் மூடி எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது இந்தக் கேமும் நல்ல வேக்கம் தரும். ஃப்ரீ கியர் போட்டால் அதே 5 இன்ச்தான். பெட்ரோலும் மிச்சமாகாது, கியரில் இறங்கும்போது இசியூ பெட்ரோலையே நிறுத்திவிடுகிறது.

கேள்வி (சுங்கை வாசகர்): வேக்கம் டப்பா ஒன்று வைத்தால் போதாதா?

பதில்: டப்பா சேமிக்கும், உற்பத்தி செய்யாது. இரண்டு மூன்று மிதி கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான். மேலே சொன்னதெல்லாம் செய்தும் ஐடிலில் 14க்குக் கீழே என்றால் மின்சார வேக்கம் பம்ப் வையுங்கள். 14க்குக் கீழே ஓடி 18ல் நிற்கும் சுவிட்ச், தனி ரிலே, ஃபியூஸ் மூன்றும் வேண்டும். மேனிஃபோல்டுக்கும், பம்பும் பூஸ்டரும் சேரும் T வடிவ இணைப்புக்கும் நடுவில் ஒருவழி வால்வு கட்டாயம். அதை மறந்தால் பம்ப் மேனிஃபோல்டையே உறிஞ்சிக்கொண்டு ஓயாமல் ஓடிக் கருகும்.

கேள்வி (தெலுக் இந்தான் வாசகர்): பெரிய கேம். கேஜ் முள் ஆடிக்கொண்டே இருக்கிறது. எஞ்சின் போய்விட்டதா?

பதில்: 2 இன்ச் அளவுக்குச் சீராக ஆடுவது பெரிய கேமின் குணம். கேஜ் குழாயை ஒரே ரன்னரிலிருந்து (ஒரு சிலிண்டருக்கு மட்டும் போகும் இன்டேக் குழாய்) எடுத்திருந்தால் இன்னும் ஆடும். எல்லா ரன்னருக்கும் பொதுவான நடு பிளீனத்துக்கு மாற்றுங்கள். ஆனால் ஒரே தாளத்தில், ஒவ்வொரு முறையும் ஒரே அளவு சட்டென்று விழுந்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் வால்வு சரியாக மூடவில்லை. ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன் அழுத்தத்தையும் அளந்து பாருங்கள். பெரிய கேமில் நான்கு எண்ணுமே குறைவாக வரும், அது கணக்கில்லை; ஒன்று மட்டும் மற்றதை விட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.