மட்டையில் கரி, அடியில் வெள்ளை

கேள்வி: எங்கள் கொல்லையில் 40 அடி உயரத்துக்கு இரண்டு தென்னை. கீழ் மட்டையெல்லாம் கரி பூசினதுபோல் இருக்கிறது. அடியில் நிற்கும் கொய்யா, துவைகல் எல்லாம் பிசுபிசுக்கிறது. மரம் ஏறுகிறவர் வேரில் மருந்து கட்டிவிடலாம் என்கிறார். கட்டலாமா?
– உடுமலை வாசகி

பதில்: வேண்டாம், சகோதரி. இது சுருள் வெள்ளை ஈ. 2016ல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டியது, இப்போது வீட்டுக் கொல்லைகளையும் விடவில்லை. ஓலைகளின் அடிப்பக்கத்தில் இருந்து சாறு உறிஞ்சும். அது கழிக்கிற தேன் போன்ற நீர் கீழே சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படரும். துவைகல்லில் ஒட்டுவதும் அந்த நீர்தான்.

வேரில் கட்டும் மருந்து இளநீருக்கும் போகும். அதனால்தான் கட்டிய பிறகு 45 நாள் காய் பறிக்கக் கூடாது என்பார்கள். வீட்டுப் பிள்ளைகள் குடிக்கிற மரத்துக்கு அது எதற்கு?

முதலில் ஒரு கீழ் மட்டையை வெட்டச் சொல்லி, ஓலையை வெயிலில் திருப்பிப் பாருங்கள். விரல் ரேகைபோல் வட்ட வட்டமாக வெள்ளை மாவு தெரியும். நடுவே எள்ளைவிடச் சின்னதாகக் கறுத்த புள்ளிகள் இருக்கிறதா? அவை என்கார்சியா என்கிற குட்டிக் குளவி முட்டையிட்ட ஈக் குஞ்சுகள். கறுத்ததில் வட்டமாக ஓட்டை இருந்தால், குளவி குஞ்சைத் தின்று வளர்ந்து வெளியே போய்விட்டது என்று அர்த்தம். எங்கள் மரத்தில் முதல் தடவை லென்ஸ் வைத்து அந்த ஓட்டையைப் பார்த்த அன்றுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. பக்கத்து வீட்டில் பொறுக்காமல் பூச்சிமருந்து அடித்தார்கள். ஈ திரும்பி வந்தது, குளவி வரவில்லை. அப்புறம் எங்கள் மரத்தில் கறுத்த புள்ளி இருந்த ஓலைத் துண்டுகளைக் கொண்டுபோய் அவர்கள் மட்டையில் கட்டிவிட்டோம். உங்கள் ஓலையில் கறுத்த புள்ளியே இல்லை என்றால் நீங்களும் அப்படி மருந்தடிக்காத மரத்திலிருந்து வாங்கிக் கட்டுங்கள்.

சரி, ஈ அதிகமாக இருந்தால்? விசைத்தெளிப்பானை வாடகைக்கு எடுத்து, வெறும் தண்ணீரை ஓலையின் அடிப்பக்கம் படுகிற மாதிரி வேகமாகப் பீய்ச்சுங்கள். ஐந்தடி நீள மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி, ஆளுயரத்தில் மரத்தில் கட்டுங்கள். கரி உறுத்தினால் லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்துக் காய்ச்சிய கஞ்சியை ஆறவைத்து வெயில் நாளில் தெளியுங்கள். காய்ந்ததும் கரியோடு உரிந்து விழும்.

வெட்டின மட்டையை எரித்துவிடாதீர்கள், குளவி அதில்தான் இருக்கிறது. கொய்யாவிலும் இந்த ஈ வரும். அது கைக்கெட்டுகிற மரமாயிற்றே, வாரம் ஒரு தடவை இலையைத் திருப்பிப் பாருங்கள்.